சூரியனுக்கு எதிராக ஒரு மனு

அந்த மனுவை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "விழுந்து விழுந்து சிரிப்பே" என்று சொல்லித்தான் நண்பன் அனுப்பியிருந்தான். ஃப்ரெடெரிக் பாஸ்தியா என்ற பிரெஞ்சுக்காரர் 1845ல் எழுதியது. மெழுகுவர்த்தி, விளக்கு, லாந்தர் செய்பவர்களும் கொழுப்பு, எண்ணெய், பிசின் வியாபாரிகளும் சேர்ந்து பாராளுமன்றத்துக்குக் கொடுப்பதாகப் பாவனை செய்கிற ஒரு மனு. அவர்களுடைய குறை இதுதான்: ஒரு வெளிநாட்டுப் போட்டியாளர் அடிமாட்டு விலைக்கு வெளிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார், அவர் தலையைக் காட்டியதும் எங்கள் வியாபாரம் படுத்துவிடுகிறது. யார் அந்தப் போட்டியாளர்? சூரியன். ஆகவே எல்லா ஜன்னல்களையும் கூரைத் திறப்புகளையும் சந்துபொந்துகளையும் பகலில் மூடிவைக்கச் சட்டம் போட வேண்டும்.

நல்ல நகைச்சுவைதான். ஆனால் நான் கோவில்பட்டிக்காரன். என் அம்மா இருபத்தாறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். நான் அந்த மனுவை வாசித்த சமயத்தில் எங்கள் ஊரில் நிஜமாகவே ஒரு மனு ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் விற்பவர்கள், மலிவான ஒரு வெளிநாட்டுப் போட்டியாளருக்கு எதிராக அரசுக்கு எழுதிய மனு. போட்டியாளர் சூரியன் இல்லை, பத்து ரூபாய் சீன லைட்டர். 178 வருஷத்துக்கு முந்தைய பகடி ஒன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றால் நான் எப்படிச் சிரிக்க முடியும்?

இந்தக் கட்டுரை அந்தப் பிரதியைப் பற்றியது. கூடவே சுதந்திர வணிகம், குறைவான அரசு என்கிற, நம் இலக்கிய வட்டாரத்தில் யாரும் உரக்கச் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு தரப்பைப் பற்றியதும். நம்மிடையே 'சந்தை' என்பது ஏறக்குறைய ஒரு வசைச்சொல். ஒரு எழுத்தாளரைத் திட்ட வேண்டுமானால் "சந்தைக்கு எழுதுகிறவர்" என்றால் போதும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அதனால்தான் இந்தப் பிரதி என்னை இவ்வளவு நாள் தொந்தரவு செய்தது.

*

முதலில் எழுத்தாக அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

பகடி எழுதுகிற பலரும் எதிராளியை முட்டாளாக்கிக் காட்டுவார்கள். அதில் சுவாரசியம் குறைவு. பாஸ்தியாவின் மனுதாரர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுடைய தர்க்கம் கச்சிதமானது. விளக்குக் கொழுப்பு அதிகம் தேவைப்பட்டால் ஆடுமாடு பெருகும், ஆடுமாடு பெருகினால் இறைச்சியும் கம்பளியும் தோலும் எருவும் பெருகும். எண்ணெய் தேவைப்பட்டால் ஆலிவும் கடுகினப் பயிர்களும் செழிக்கும். திமிங்கில எண்ணெய்க்காகக் கப்பல்கள் கடலுக்குப் போகும். பாரிஸ் கடைத்தெருவில் சரவிளக்குகள் மின்னும். மணல்மேட்டில் பிசின் எடுக்கிற கூலிக்காரனிலிருந்து சுரங்கத்தின் அடியில் கிடக்கிற தொழிலாளி வரை எல்லாருக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும். வாசிக்க வாசிக்க "ஆமா, சரிதானே" என்று தலையாட்டத் தோன்றுகிறது. அங்கேதான் பாஸ்தியா நம்மைப் பிடிக்கிறார். இந்த வாதம் சூரியன் விஷயத்தில் அபத்தம் என்றால் இரும்பு விஷயத்தில் எப்படி நியாயம்? துணி விஷயத்தில்? தானிய விஷயத்தில்?

அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்கலாம் என்று ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729ல் எழுதிய 'எளிய யோசனை'யும் இதே குடும்பம். அலுவலக நடையில், பணிவாக, புள்ளிவிவரத்தோடு பேசுகிற பயங்கரம். ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்விஃப்ட்டைப் படித்து முடித்ததும் கோபம் வருகிறது. பாஸ்தியாவைப் படித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வருகிறது. நாம் தினமும் நம்புகிற ஏதோ ஒன்று இதே அச்சில் வார்த்ததுதானோ என்கிற சந்தேகம்.

இன்னொரு நுணுக்கம் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. அந்தப் பிசின் எடுக்கிற கூலிக்காரன். பாஸ்தியா பாரிஸ்காரர் இல்லை. 1801ல் பயோனில் பிறந்து, ஒன்பது வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்து, தாத்தாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு முக்ரோன் என்கிற சிற்றூரில் இருந்தவர். அது லாந்து பிரதேசம். மணலும் பைன் மரமும் பிசினும்தான் அந்தச் சீமையின் அடையாளம். அதாவது மனுவில் வருகிற பிசின்காரன் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். தன் ஊர்க்காரனின் கூலியையும் அந்தப் பகடிக்குள் வைத்துத்தான் அவர் எழுதியிருக்கிறார். தூரத்தில் இருக்கிறவனைக் கிண்டல் செய்வது சுலபம், இவர் அதைச் செய்யவில்லை.

அவரைப் பணக்காரர்களின் பேச்சாளர் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அன்றைய பிரான்சில் வருஷத்துக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. பாராளுமன்றத்தில் இருந்தவர்கள் நிலக்கிழார்களும் ஆலை முதலாளிகளும். சுங்கவரிச் சுவர் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்திலும் அதே கதை. அங்கே தானியச் சட்டங்கள் வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்து, ரொட்டி விலையை உயர்த்தி, நிலப்பிரபுக்களின் வாடகையைக் காப்பாற்றின. ரிச்சர்ட் காப்டனும் அவருடைய மான்செஸ்டர் நண்பர்களும் வருஷக்கணக்கில் பிரச்சாரம் செய்து 1846ல் அதை ஒழிக்க வைத்தார்கள். சுதந்திர வணிகம் என்பது தொடக்கத்தில் ரொட்டி விலையைப் பற்றிய சண்டை. இதை நாம் மறந்துவிட்டோம். பாஸ்தியா காப்டனின் சிஷ்யர் மாதிரி. 1848 புரட்சிக்குப் பிறகு சட்டசபைக்குப் போனார், தொழிலாளர்கள் சங்கம் சேர்கிற உரிமைக்காகவும் பேசினார், 1850 டிசம்பரில் காசநோயால் ரோமில் இறந்தார். எழுதிய காலம் மொத்தமே ஆறு வருஷம்தான்.

*

இனி எங்கள் ஊர் மனு.

2022 செப்டம்பரில், மலிவான பிளாஸ்டிக் லைட்டர்களைத் தடை செய்ய வேண்டும் என்று தமிழக முதல்வர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். தென்மாவட்டத்தில் லட்சம் பேருக்கு மேல் வேலை கொடுக்கிற தொழில், பெரும்பாலும் பெண்கள். 2023 ஜூன் கடைசியில் தடை வந்தது. ஊரில் ஸ்வீட் கொடுத்தார்கள். அம்மாவும் ஃபோனில் சொன்னார்: "ஏய்யா, லைட்டர நிறுத்திட்டாகளாம்ல."

நான் அந்த அறிவிப்பை ஒரு பிரதியாக வாசித்தேன். விமர்சனம் எழுதுகிறவனுக்குக் கைப்பழக்கம் விடுமா? அதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. தடை எல்லா லைட்டருக்கும் இல்லை. துறைமுகத்துக்கு வந்து சேரும்போது இருபது ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள லைட்டருக்கு மட்டும். இருபது ரூபாயும் அதற்கு மேலும் என்றால் தாராளமாக வரலாம்.

பிளாஸ்டிக் குப்பை என்பது மனுவின் முக்கியமான காரணங்களில் ஒன்று. நியாயமான காரணமும்கூட. பயன்படுத்தி எறிகிற லைட்டர் மண்ணில் மக்காது, நம்முடைய குச்சி மக்கும். ஆனால் இருபத்தைந்து ரூபாய் லைட்டரின் பிளாஸ்டிக் மக்குமா? பிரதி தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறது. இங்கே குற்றம் பிளாஸ்டிக் இல்லை, மலிவு. சூரியன் செய்த அதே குற்றம். விலை கூடிய லைட்டரைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறவனுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. டீக்கடை வாசலில் பத்து ரூபாய் லைட்டரை வாங்குகிற லோடுமேன்தான் மாட்டிக்கொண்டான்.

அடுத்தது அந்தப் பிரபலமான கணக்கு. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்பது மனுவின் வலுவான வாதம். தொழில் எவ்வளவு அடிவாங்குகிறது என்று காட்டுவதற்காகச் சொன்னது. அதே கணக்கை மறுபக்கமிருந்து போட்டுப் பாருங்கள். 2021 டிசம்பரிலிருந்து தீப்பெட்டி விலை இரண்டு ரூபாய். இருபது பெட்டி நாற்பது ரூபாய். லைட்டர் பத்து ரூபாய். மிச்சம் முப்பது. அந்த முப்பது ரூபாய் மனுவின் உள்ளேயே இருக்கிறது. யாரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சுவர் கட்டினால் ஏறிக் குதிக்க ஏணியும் வரும். லைட்டராக வரக் கூடாதென்றால் உதிரிபாகமாக வந்து இங்கே பூட்டப்பட்டது. 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று. இது எங்கள் தொழிலுக்குப் புதிதும் இல்லை. 1922ல் இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது பிரிட்டிஷ் அரசு. வருமானத்துக்காகப் போட்ட வரி பாதுகாப்புச் சுவராகவும் ஆகிவிட்டது. அந்த நிழலில்தான் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த சிவகாசி நாடார்கள் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்வீடன் கம்பெனி என்ன செய்தது? சுவரைத் தாண்டி உள்ளே வந்து விம்கோ என்ற பெயரில் இங்கேயே ஆலை போட்டது.

நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்த் தொழில் வரிச் சுவரின் நிழலில் பிறந்த பிள்ளை. வளரும் தொழிலுக்குக் கொஞ்ச காலம் பாதுகாப்பு வேண்டும் என்று பாஸ்தியா காலத்திலேயே ஜெர்மனியின் ஃப்ரெட்ரிக் லிஸ்ட் 1841ல் எழுதினார். அந்த வாதத்தை என்னால் தூக்கி எறிய முடியாது, அதன் பலனைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனால் 1922ல் தொட்டிலில் போட்ட குழந்தைக்காக 2022ல் கடிதம் எழுதுகிறோம். நூறு வயது. தொட்டிலை எப்போது எடுப்பது என்று லிஸ்ட்டைப் படித்த யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

*

பாஸ்தியா இறந்த வருஷத்தில் எழுதிய இன்னொரு கட்டுரை இதைவிட முக்கியமானது. 'தெரிவதும் தெரியாததும்' என்று அதைச் சொல்லலாம். ஒரு பையன் கடைக்காரரின் கண்ணாடி ஜன்னலை உடைத்துவிடுகிறான். வேடிக்கை பார்க்கிற கூட்டம் ஆறுதல் சொல்கிறது: போகட்டும், கண்ணாடிக்காரனுக்காவது பிழைப்புக் கிடைத்தது. ஆறு பிராங்க் அவனுக்குப் போகிறது. இது தெரிவது. அந்த ஆறு பிராங்குக்குக் கடைக்காரர் ஒரு ஜோடி செருப்போ ஒரு புத்தகமோ வாங்கியிருப்பார். அதைச் செய்திருக்கக்கூடிய செருப்புக்காரர் இந்தக் கதைக்குள் வரவே இல்லை. இது தெரியாதது.

பொருளாதாரத்தில் இதை எப்படியெல்லாமோ விளக்குவார்கள். எனக்கு இது கதைசொல்லலைப் பற்றிய குறிப்பாகவே படுகிறது. கண்ணாடிக்காரன் பாத்திரம். அவனுக்கு முகம் இருக்கிறது, வீடு இருக்கிறது, அவனைப் பற்றிச் சிறுகதை எழுதலாம். செருப்புக்காரன் நடக்காத சம்பவத்தின் பாத்திரம். அவனுக்கு வராத ஆறு பிராங்கை அவனே அறியமாட்டான். யாரை வைத்து எழுதுவது?

நம் யதார்த்தவாதத்தை இந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் ஒன்று புரியும். கரிசல் எழுத்தின் பலமே கண்ணுக்குத் தெரிகிற மனிதனை விடாமல் பார்ப்பது. தீப்பெட்டித் தொழிலைப் பற்றியே பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படம் எடுத்தார், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி 1990ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் வந்தது. விடியுமுன் கம்பெனி வண்டியில் ஏறிப்போன பிள்ளைகளின் முகத்தை அந்தப் படைப்புகள் இல்லாவிட்டால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அது இலக்கியமும் சினிமாவும் செய்த பெரிய வேலை. ஆனால் வேலை போனவனின் கதையை எழுதத் தெரிந்த நமக்கு, விலை ஏறியதால் ஏதோ ஒன்றை வாங்காமல் போனவளின் கதையை எழுதத் தெரியாது. அவள் அழமாட்டாள். கடைக்குப் போய்விட்டு ஒரு சாமான் குறைவாகத் திரும்பி வருவாள், அவ்வளவுதான்.

சுங்கத்துக்கு எதிரான நினைவு நம் மரபில் இல்லாமல் இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத் துறையில் சரக்குக்குப் புலிமுத்திரை குத்துகிற சுங்கக்காரர்களை வியந்து காட்டுகிறது. பல நூற்றாண்டு கழித்து முதலாம் குலோத்துங்கனை ஜனங்கள் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அழைத்தார்கள். எத்தனை நாடு பிடித்தான் என்பதோடு எதை விட்டுக்கொடுத்தான் என்பதாலும் ஒரு ராஜா நினைக்கப்பட்டிருக்கிறான். நவீன காலத்தில் ராஜாஜி இருந்தார். 1959ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் பர்மிட்டும் லைசென்ஸும் கேட்கிற ஆட்சியை எதிர்த்து எழுதிக் குவித்தார். ஆனால் அதே ராஜாஜி 1937ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர், 1953ல் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்து அடுத்த வருஷம் பதவியை விட்டவர். எந்தச் சந்தையும் இல்லாத இடத்தில் பிள்ளைகளை அப்பன் தொழிலோடு கட்டிப்போடுவார் என்ற பயத்தைத் தமிழ்நாடு அவரிடம் கண்டது. அதன்பிறகு அவர் சுதந்திரம் என்று பேசியதை இங்கே யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. அந்தத் தரப்புக்குத் தமிழில் நேர்ந்த துரதிர்ஷ்டம் அது.

*

இவ்வளவு சொன்ன பிறகு பாஸ்தியாவின் குறையையும் சொல்லாவிட்டால் நான் விமர்சகன் இல்லை, விளம்பரக்காரன்.

அவருடைய கதைகளில் காலம் கிடையாது. கண்ணாடிக்காரனிடமிருந்து செருப்புக்காரனுக்கு ஆறு பிராங்க் ஒரு வாக்கியத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிஜத்தில் அந்த வாக்கியத்தைக் கடக்க ஒரு மனுஷிக்குப் பத்து வருஷம் ஆகலாம், கடக்காமலே போகலாம். தீப்பெட்டி ஆபீஸில் விரல் தேய்ந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண் அடுத்த நாள் வேறு எதுவாகவும் ஆக முடியாது. தெரியாததைப் பார்க்கச் சொன்னவர், இடைக்காலத்தைப் பார்க்கவில்லை.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அது நம் மண்ணிலிருந்தே வருகிறது. தாது வருஷப் பஞ்சம், 1876-78. சென்னை மாகாணம் லட்சக்கணக்கில் ஜனங்களைப் பறிகொடுத்தது. கவர்னர் பக்கிங்ஹாம் அரசுப் பணத்தில் தானியம் வாங்கினார். வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, விலையைக் குறைக்க எதுவும் செய்யக் கூடாது என்பது கொள்கை. லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று வெட்டினார். சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது உயிர் பிழைக்கப் போதாது என்று வாதாடினார். பாஸ்தியாவும் காப்டனும் ரொட்டி விலைக்காகச் சொன்ன அதே சொற்கள், முப்பது வருஷத்தில், கஞ்சி கொடுக்காமலிருக்கக் காரணமாகிவிட்டன.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ரொம்ப நாள் இந்த ஒரு உதாரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது, சந்தையைப் பற்றிய பேச்சையே மூடிவிட. பிறகு ஒரு கேள்வி வந்தது. லிட்டனின் அரசு நிஜமாகவே குறைவான அரசா? அது நிலவரி வாங்கியது. உப்புக்கு வரி வாங்கியது. 1878ல் ஆப்கானிஸ்தானத்தில் யுத்தத்துக்குப் போனது, செலவு இந்தியாவின் தலையில். எடுக்கிறபோது முழு அரசாகவும் கொடுக்கிறபோது மட்டும் சந்தையின் சிஷ்யனாகவும் இருந்த ஆட்சி அது. சுங்கம் தவிர்க்காமல் 'சுங்கம் தவிர்த்தவன்' பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி. வாங்கக் கையில் காசே இல்லாதவனுக்குச் சந்தையில் குரல் கிடையாது, அங்கே அரசு கொடுத்தாக வேண்டும். இதை ஒத்துக்கொள்ளாத எந்தச் சந்தை வாதத்தையும் தாது வருஷத்தைக் கேள்விப்பட்ட ஒருவன் ஏற்க முடியாது. அதே சமயம், காசில்லாதவனுக்குக் கஞ்சி ஊற்றுவதும் பத்து ரூபாய் லைட்டரைத் தடுப்பதும் ஒன்று என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. முதலாவது இல்லாதவனுக்குக் கொடுக்கிறது. இரண்டாவது ஒரு ஏழையிடமிருந்து எடுத்து இன்னொரு ஏழைக்குப் போய்ச் சேரும் என்று நம்பச் சொல்கிறது.

போய்ச் சேர்கிறதா? கையால் செய்கிறவர்களைக் காப்பாற்ற என்று பல வருஷம் கலால் வரியில் சலுகை இருந்தது. சரக்குசேவை வரி வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கினார்கள். சலுகை இருந்த காலத்திலும் கூலி ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. வேலை சின்னச் சின்ன ஷெட்டுகளுக்கும் வீட்டுத் திண்ணைகளுக்கும் பிரிந்துபோயிற்று. சட்டம் எட்டாத அந்தத் திண்ணைகளில்தான் பிள்ளைகளும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினோம். ஆமாம், ஒட்டினோம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுமுன்பே எனக்கு 144 என்ற எண் தெரியும்.

*

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்த மனுவைக் கதையாகச் சொன்னேன். ஜன்னலை எல்லாம் மூடச் சொல்கிற இடத்தில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை, யோசித்தார்.

"சூரியன மறைச்சிட்டா குச்சி எப்படிய்யா காயும்? மழ பெஞ்சா எங்களுக்கு வேலையே கெடையாதே."

பாஸ்தியா எழுதாமல் விட்ட வரி இது. எங்கள் ஊரில் தீப்பெட்டி வந்ததற்குக் காரணமே வெயில்தான். வெளிச்சம் விற்கிறவனுக்கும் சூரியன் போட்டியாள் மட்டும் இல்லை, கூலி கேட்காத வேலையாளும்கூட. எந்தச் சுவரைக் கட்டினாலும் அதற்குள்ளே நமக்கு வேண்டிய ஏதோ ஒன்றும் மாட்டிக்கொள்ளும். 2021ல் தீப்பெட்டி விலையை ஏற்ற நேர்ந்தபோது தொழில்காரர்கள் சொன்ன காரணம் மெழுகும் அட்டையும் பாஸ்பரஸும் குளோரேட்டும் விலை ஏறிவிட்டன என்பது. அவர்களும் யாரோ ஒருவருக்கு வாடிக்கையாளர்கள்தான். அன்றைக்கு அவர்கள் டீக்கடை லோடுமேன் மாதிரிப் பேசினார்கள்.

உற்சாகத்தில் அந்த முப்பது ரூபாய்க் கணக்கையும் அம்மாவிடம் சொன்னேன். இருபது பெட்டி, நாற்பது ரூபாய், பத்து ரூபாய் லைட்டர், மிச்சம் முப்பது. நாட்டில் எத்தனை பேர் பையில் எத்தனை முப்பது.

அம்மா கேட்டார்: "சரிய்யா, மிச்சம். அதுல எனக்கு யாரு தருவா?"

எனக்குப் பதில் இல்லை. பல நாள் கழித்து பாஸ்தியாவின் பழைய கட்டுரை ஒன்றில் பாதிப் பதில் கிடைத்தது. சுங்கவரி என்பது முகமூடி போட்ட மானியம், யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கஜானாவிலிருந்து நேராகக் கொடுங்கள், அதுவே நேர்மையானது என்கிற பொருளில் ஓரிடத்தில் சொல்கிறார். சந்தைக்காரர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு இதுதான் அவருடைய மிக நல்ல பக்கம். என் அம்மாவுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது என்றால் அந்தக் கடனைப் பட்ஜெட்டில் எழுதட்டும். ஓய்வூதியமாக, வைத்தியச் செலவாக, நாற்பது வயதுக்காரிக்கு வேறு தொழில் கற்றுக்கொள்ளும் காலத்துக்கான கூலியாக. எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும், சரியில்லை என்றால் சண்டை போடலாம். லைட்டர் தடையில் அது தெரியாது. பணம் லோடுமேனின் பையிலிருந்து போகிறது, யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று ஆபீஸ் முதலாளிக்குத்தான் தெரியும்.

ஆனால் இது பாதிப் பதில்தான். தடையைப் போட ஒரு அறிவிப்பு போதும். கடனைக் கொடுக்க ஒரு நாடு மனசு வைக்க வேண்டும். தடையை எடுத்துவிட்டுக் கடனை மறந்துவிடுவதும் நடக்கிற காரியம்தான், உலகம் முழுக்க ஆலை மூடிய ஊர்களில் அதுதான் நடந்தது. அதனால் சுதந்திர வணிகத்தை ஆதரித்து எழுதுகிறவர்கள் 'மிச்சம்' என்று எழுதுகிற ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கேள்வியைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நானும்தான்.

அம்மாவின் வேலையைப் பறித்தது எது என்று கேட்டால் லைட்டர் என்று அவர் சொல்லமாட்டார். அதற்கு முன்பே ஆட்டோமேட்டிக் மெஷின் வந்துவிட்டது. உள்ளூர் மெஷின், அதற்கு எதிராக யாரும் மனு கொடுக்கவில்லை. அடுப்படியில் நான் வாங்கிக் கொடுத்த, டிக் டிக் என்று பொறி தட்டுகிற கேஸ் லைட்டர் ஆணியில் தொங்குகிறது. சாமி விளக்குக்கு மட்டும் அம்மா இன்னும் தீப்பெட்டிதான். பெட்டியை எடுத்ததும் பழக்கதோஷத்தில் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார், ஒட்டு சரியாக இருக்கிறதா என்று. "மெஷின் பெட்டி, நல்லாத்தான் ஒட்டிருக்கான்" என்பார். பிறகு ஒரு குச்சியை எடுத்து உரசுவார்.